கால் வலி என்று சாக்குச் சொல்லக் கூடாது

திருச்சிக்காரர்கள் மலைக்கோட்டை ஏறுவதில்லை. மற்றவர்களை ஏற அழைப்பார்கள். வெளியூரிலிருந்து யார் போன் செய்தாலும், வைப்பதற்கு முன்னால், "ஒரு நடை வாங்களேன், மலைக்கோட்டை ஏறிட்டு வரலாம்" என்று சொல்லாவிட்டால் எங்களுக்குப் பேச்சு முடிந்த மாதிரியே இருக்காது. எதிர்முனையில் இருப்பவரும் "வந்தாப் போச்சு" என்பார். அவர் வரப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். நான் ஏறப் போவதில்லை என்று அவருக்குத் தெரியும். இரு தரப்பும் மனமொத்துச் சொல்லிக்கொள்ளும் இந்தப் பொய்யில்தான் பாதி உறவுகள் உயிரோடு இருக்கின்றன.

நான் ஸ்ரீரங்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருக்கிறேன். சமையலறை ஜன்னலைத் திறந்தால் காவிரிக்கு அந்தப் பக்கம் மலைக்கோட்டை தெரியும். பல் தேய்க்கும்போது தெரியும், காப்பி கலக்கும்போது தெரியும். வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்து, ஏறிவிட்டு வந்ததாகவே ஒரு நினைப்பு உண்டாகிவிட்டது. உண்மையில் கடைசியாக ஏறியது எங்கள் கல்யாணம் நிச்சயமான புதிதில், என் மனைவியின் பெரியப்பா குடும்பத்துக்கு ஊர் சுற்றிக் காட்டியபோது. அப்போது எனக்கு முழங்கால் என்று தனியாக ஒன்று இருப்பதே தெரியாது.

பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுவது என் தொழில். தொழில் என்று சொன்னால் என் மனைவி சிரிப்பாள். நான் எழுதியதைப் படித்துச் சிரித்ததைவிட இதற்குச் சிரித்ததுதான் அதிகம். ஆனால் எங்கள் குடியிருப்பில் எனக்கு 'எழுதத் தெரிஞ்சவர்' என்று ஒரு பதவி உண்டு. மொட்டை மாடியில் வடகம் காயவைப்பவர்கள் கவனத்துக்கு, தண்ணீர் மோட்டாரை இரண்டு பேர் ஒரே நேரத்தில் போடாதிருப்பதன் அவசியம் குறித்து — எல்லா நோட்டீசும் என் கைவண்ணம். அதனால் தரைத்தள வீட்டு சுபேதார் கதவைத் தட்டியபோது மறுபடி மோட்டார்தான் என்று நினைத்தேன்.

சுபேதார் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். முசிறிப் பக்கத்தில் விவசாயக் குடும்பம். ஊரில் இன்னும் வாழை போடுகிறார்கள். எங்கள் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அவர் மெதுவாக ஒன்றைச் சொன்னால் குடியிருப்பில் அது நடந்துவிடும்.

"சார், உங்களுக்கு ஒரு வேலை வெச்சிருக்கேன்."

"மோட்டாரா?"

"ஆஸ்பத்திரி. மிலிட்டரி ஆஸ்பத்திரி."

வெளிமாநிலத்தில் ஒரு ராணுவ மருத்துவமனையில் அவருடைய பழைய கூட்டாளி ஒருவர் ஏதோ பொறுப்பில் இருக்கிறாராம். எல்லையில் காயம்பட்ட ஜவான்கள் அங்கே மாதக்கணக்கில் படுத்துக் கிடக்கிறார்கள். இந்தியில், ஆங்கிலத்தில் வாழ்த்து அட்டைகள் கட்டுக் கட்டாக வருகின்றன. தமிழில் ஒன்றுகூட வருவதில்லை. தமிழ்ப் பையன்கள் சிலர் இருக்கிறார்கள். நம் குடியிருப்பிலிருந்து வீட்டுக்கு ஒரு அட்டை எழுதிக் கொடுத்தால் ஒரே பார்சலாக அனுப்பலாம் என்பது திட்டம்.

"எழுதுறதுக்கு என்ன, எழுதிடலாம். ஒரு மாதிரி தயார் பண்ணித் தரேன், எல்லாரும் அதைப் பாத்துக் காப்பி பண்ணிக்கட்டும்" என்றேன்.

"அது வேணாம் சார். அவங்கவங்க மனசுல இருக்கறத எழுதட்டும். நீங்களும் உங்களுக்குத் தோணுறத எழுதுங்க. ஒட்டிக் குடுத்துடுங்க. நான் படிக்க மாட்டேன்."

"படிச்சா என்ன?"

"எல்லையில இருந்தப்ப நாங்க எழுதுற ஒவ்வொரு லெட்டரையும் ஒருத்தர் படிச்சுட்டுத்தான் அனுப்புவார். பொண்டாட்டிக்கு எழுதுறதக்கூட. அப்பவே முடிவு பண்ணிட்டேன். அடுத்தவங்க லெட்டர நான் தொட மாட்டேன்."

அவருடைய இந்தக் கொள்கையை அன்று மிகவும் பாராட்டினேன். பின்னால் இதே கொள்கையை நினைத்துப் பல்லைக் கடித்தேன்.

அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, எனக்கு எழுதத் தெரியாது. 'விரைவில் குணமடைய வாழ்த்துகள்' என்று ஆரம்பித்தேன். கைப்பேசியில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் கட்டை விரலால் தட்டிவிடுகிற அதே வாசகம். அடித்தேன். 'தேசம் உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறது' என்று எழுதினேன். தேசத்தின் சார்பில் பேச என்னை யார் நியமித்தது? ரயிலில் எதிர் சீட்டில் சீருடையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தால், எந்த ஊர் என்று கேட்டுவிட்டு அதற்குமேல் என்ன பேசுவது என்று தெரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறவன் நான். அதையும் அடித்தேன்.

கடைசியில் என்னைப் பற்றி எழுதினேன். நகைச்சுவை எழுதுகிறவனுக்கு அகப்படுகிற ஒரே இளிச்சவாயன் அவன்தான். நான் லிஃப்டில் மாட்டிக்கொண்டது, பாகற்காய் வாங்கச் சொன்னால் புடலங்காய் வாங்கி வருவது, கொள்ளிடக்கரையில் நடைப்பயிற்சிக்குப் போய் டீக்கடையிலேயே பயிற்சி முடிந்துவிடுவது. அட்டை நிரம்பியது. எனக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது. முடிக்கும் இடத்தில் கை தன் பாட்டுக்கு எழுதியது:

'உடம்பு தேறியதும் அவசியம் திருச்சி வாருங்கள். இரண்டு பேரும் மலைக்கோட்டை ஏறுவோம். கால் வலி, அது இது என்று சாக்குச் சொல்லக் கூடாது, ஆமாம்!'

அந்த 'ஆமாம்' எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கீழே என் முகவரியை எழுதி, உறையில் போட்டு, ஒட்டிக் கொடுத்தேன்.

பார்சலை அனுப்பிவிட்டு சுபேதார் தபால் ரசீதைப் படம் பிடித்துக் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் போட்டார். எல்லோரும் கைதட்டும் படங்களைப் போட்டார்கள். நானும் தட்டினேன். மறுநாள் காலை பால் பாக்கெட் எடுக்கக் கீழே இறங்கியபோது அவர் துளசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"நம்ம பசங்க யாரு, என்ன அடின்னு ஏதாவது சொன்னாங்களா?" என்று சும்மா கேட்டு வைத்தேன்.

"அந்த வார்டா? கண்ணிவெடி சார், பெரும்பாலும். கால் போனவங்க. செயற்கைக் கால் வெச்சுப் பழக்குற எடம் அது. ஏன் சார்? என்ன சார்? பால் கீழ விழுந்துடுச்சு பாருங்க."

மாடிக்கு வந்து என் மனைவியிடம் சொன்னேன். புத்தூரில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறாள். டிபன் பாக்ஸ் மூடியை அழுத்திக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன எழுதினீங்க? மறுபடி சொல்லுங்க."

மறுபடி சொன்னேன். 'ஆமாம்' உட்பட.

"அடப்பாவமே" என்றாள். எனக்காகச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. முதல் வேலையாகத் தபால் நிலையத்துக்கு ஓடினேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டார்.

"பார்சல திருப்பி வாங்கணுங்களா? நீங்கதான் அனுப்புனவரா?"

"இல்லீங்க. அதுக்குள்ள இருக்கற ஒரு கவர் என்னுது. அது மட்டும்…"

"ஒரு கவருக்காகப் பார்சல பிரிக்க முடியாதுங்க. அனுப்புனவரே வந்து எழுதிக் குடுத்தா, போற வழியில மறிக்கச் சொல்லிப் பாக்கலாம். உள்ள என்ன, பணம் கிணம் வெச்சுட்டீங்களா?"

"இல்ல. ஒரு ஜோக்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பார்சலை மறிக்க வேண்டுமென்றால் சுபேதார் வர வேண்டும். சுபேதார் வர வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும். அந்தத் தைரியம் வரும்வரை ரசீதில் இருந்த எண்ணைக் கைப்பேசியில் தட்டிப் பார்சல் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பை கட்டப்பட்டது. பை ஜங்ஷன் போனது. பை சென்னையில் இறங்கியது. டவுன் பஸ்ஸில் பார்த்தேன், காய்கறிக் கடையில் பார்த்தேன், பெரிய கோயிலின் ரெங்கா ரெங்கா கோபுரத்தின் கீழே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஒரு பார்சல் வழியில் தொலைந்துபோக வேண்டும் என்று பெருமாளிடம் வேண்டிக்கொண்டவன் அந்தச் சந்நிதியின் சரித்திரத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவர் வழக்கம்போலப் படுத்தபடியே கேட்டுக்கொண்டார். பார்சல் குறித்த நாளுக்கு முன்னதாகவே போய்ச் சேர்ந்தது. நாம் ஆவலோடு காத்திருக்கும் தபாலுக்கு இந்த வேகம் எங்கே போய்விடுகிறதோ.

இனி ஒரே வழிதான்: மன்னிப்புக் கடிதம். உட்கார்ந்து எழுதினேன். அறியாமல் எழுதிவிட்டேன், தூக்கம் வரவில்லை, சோறு இறங்கவில்லை, என் நிலையை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும், ஒரு வரி பதில் போட்டால் நிம்மதி அடைவேன் என்று இரண்டு பக்கம். இரவு சாப்பாட்டுக்கு முன் என் மனைவியிடம் படித்துக் காட்டினேன்.

"இது மன்னிப்பு லெட்டர் இல்லீங்க."

"பின்ன?"

"அடிபட்டுப் படுத்திருக்கறது அவரு. ஆறுதல் சொல்லச் சொல்லி அவருக்கே எழுதியிருக்கீங்க."

கிழித்தேன். இன்னொன்று எழுதினேன். அதில் தூக்கத்தையும் சோற்றையும் எடுத்துவிட்டேன்; எடுத்த பிறகு ஒன்றும் மிஞ்சவில்லை. மூன்றாவதில் மறுபடி ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. அதை எழுதிய கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கூடத்துக்கும் பால்கனிக்கும் நடந்ததில் தரையின் பளபளப்பு குறைந்துவிட்டதாக வேலைக்கு வரும் அம்மா குறைப்பட்டுக்கொண்டார்.

கடைசியில் சுபேதாரிடம் போய்ச் சொன்னேன். அவர் துளசியைப் பார்த்துக்கொண்டே முழுவதையும் கேட்டார்.

"நான் ஒரு தடவ அடிபட்டு ஆஸ்பத்திரில கெடந்தேன் சார். ஒரு ஸ்கூல் பிள்ளை கார்டு எழுதியிருந்தது. 'அன்புள்ள வீரரே, நீங்கள் செத்துப்போனால் நாங்கள் மிகவும் வருந்துவோம்'னு. பக்கத்துல பூ படம் வேற. வார்டு பூரா கை மாறிப் போச்சு அந்த கார்டு. வயித்துல தையல் போட்டவன்லாம் சிரிக்க முடியாம திட்டினான்."

எனக்கு உயிர் வந்தது. "அப்ப இதையும் அப்படித்தான் எடுத்துப்பாங்க, இல்ல?"

"அது எழுதினது சின்னப் பிள்ளை சார்" என்றார் அவர். "உங்களுக்கு வயசாயிடுச்சே."

வந்த உயிர் போய்விட்டது. ஆனால் நான் கிளம்பும்போது ஒன்று சொன்னார்: "லெட்டருக்கு மேல லெட்டர் போட்டு அவனக் கொழப்பாதீங்க. அவன் பதில் போட்டா பாப்போம். போடலேன்னா அதுவும் பதில்தான்."

அதனால் காத்திருந்தேன். காத்திருப்பது சுபேதாருக்கு வரும், எனக்கு வராது. தபால்காரரின் டூவீலர் சத்தம் கேட்டால் மூன்று மாடியும் இறங்கிவிடுவேன். மின்வாரியக் கடிதம், யாரோ வீட்டுப் பூணூல் பத்திரிகை, கண் பரிசோதனை முகாம். பத்திரிகையில் கட்டுரை கேட்டார்கள். ஆரம்பித்தேன். ஒவ்வொரு வரியிலும் யாருக்கோ எங்கேயோ அடி பட்டுவிடும் என்று தோன்றியது. 'கால் வைத்தான்' என்று எழுதினால்கூட நிறுத்தி யோசித்தேன். கால் இல்லாத வாக்கியம் தமிழில் எவ்வளவு குறைவு என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. காலையில், காலம், கால்பங்கு. உடம்பு சரியில்லை என்று சொல்லித் தப்பித்தேன். சாக்குத்தான்.

ஜன்னல் வழியாக மலைக்கோட்டை தெரிந்துகொண்டே இருந்தது. திரை வாங்கி மாட்டினேன். சமையலறைக்கு எதற்குத் திரை என்று என் மனைவி கேட்கவில்லை. காற்றில் அது அடுப்புப் பக்கம் பறந்தபோது கழற்றி மடித்து வைத்துவிட்டாள்.

பங்குனி வெயில் ஆரம்பித்த ஒரு மத்தியானம் பதில் வந்தது. கோடு போட்ட தாளில் பெரிய எழுத்து. நான் படிக்கட்டிலேயே உட்கார்ந்து படித்தேன். எழுதியவர் வேலூர்ப் பக்கத்துக் கிராமம். அப்பாவும் ராணுவத்தில் இருந்தவர். வயது இருபத்தைந்தைத் தாண்டாது என்று எழுத்திலேயே தெரிந்தது. மற்றபடி அவர் எழுதியதை அப்படியே தருகிறேன். என் பங்குக்கு எதையும் திருத்தவில்லை.

'ஐயா, கார்டு கிடைத்தது. எனக்கு வந்த மற்ற கார்டுகளில் எல்லாம் நான் சிங்கம், புலி என்று போட்டிருந்தார்கள். உங்களுடையதில்தான் என்னை எங்கேயோ கூப்பிட்டிருந்தீர்கள். கால் வலி என்று சாக்குச் சொல்லக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லை. ஆனால் ஒரு அதிசயம், இல்லாத அந்தக் கால்தான் அதிகமாக வலிக்கிறது. இதைச் சாக்கு என்று ஒப்புக்கொள்வீர்களா? டாக்டர் ஒப்புக்கொள்ளவில்லை.

'இங்கே நடை பழக்குகிறவர் ஆளுக்கு ஒரு குறிக்கோள் எழுதச் சொன்னார். ஒருவர் பைக் என்று எழுதினார். ஒருவர் மகளைத் தூக்கிக்கொண்டு நடப்பது என்று எழுதினார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ரொம்ப நாள் தோன்றவே இல்லை. உங்கள் கார்டு வந்த அன்று மலைக்கோட்டை என்று எழுதிக் கொடுத்தேன். கார்டைக் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். ஆடியில் லீவு கிடைக்கும். வந்துவிடுவேன். சில விவரம் தெரிய வேண்டும். படி எவ்வளவு உயரம்? கைப்பிடி எந்தப் பக்கம்? கோயில் என்பதால் கீழேயே செருப்பைக் கழற்ற வேண்டுமா? என் செயற்கைக் கால் ஷூவின் உயரத்துக்குத் தக்கபடி செய்தது. ஷூ இல்லாமல் நின்றால் பின்னால் சாய்கிறது. நீங்கள் அடிக்கடி ஏறுகிறவர் என்பதால் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.'

கடைசி வாக்கியத்தை இரண்டு தடவை படித்தேன். பிறகு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மாடிக்கு ஏறினேன். மூன்றாவது மாடிக்குள் இரண்டு இடத்தில் நின்றேன்.

சாயந்தரம் கடிதத்தைப் படித்த என் மனைவி அதை மடித்து என்னிடம் நீட்டினாள். பிறகு, "இப்ப அவரு வந்து பாதியில முடியாம உக்காந்துட்டா என்ன பண்ணுவீங்க?" என்றாள்.

"நானும் பக்கத்துல உக்காந்துடுவேன்."

"நீங்க அதுக்கு முன்னாடியே உக்காந்திருப்பீங்க. நான் அவரப் பத்திக் கேக்கறேன். ஒரு குறிக்கோள்னு எழுதி ஒட்டி வெச்சிருக்காரு. அது நடக்கலேன்னா?"

அதுதான். இதுவரை நான் பயந்தது அவர் மனம் புண்பட்டிருக்குமே என்று. அது நடக்கவில்லை. இப்போது வந்திருக்கும் பயம் அதைவிடப் பெரியது. ஊர் வழக்கத்துக்காக நான் சொன்ன ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டு ஒருவர் எழுந்து நிற்கிறார். அதை இனி என்னால் திரும்பப் பெற முடியாது. உண்மையாக்கத்தான் வேண்டும். அந்த வேலைக்கு அமர்த்தப்பட்டிருக்கும் ஆளை எனக்குத் தெரியும். அவன் லிஃப்ட் வேலை செய்யாத நாளில் காய்கறியைக் கூடையில் கயிறு கட்டி மேலே இழுக்கிறவன்.

மறுநாள் காலை தையல் பெட்டியிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு சத்திரம் பஸ் நிலையத்துக்கு டவுன் பஸ் ஏறினேன். மலைக்கோட்டை அடிவாரத்தில் சின்னக்கடை வீதி அப்போதுதான் கதவு திறந்துகொண்டிருந்தது. செருப்பு வைக்கும் இடத்தில் ஓர் அம்மா டோக்கன்களைக் கோத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம். செயற்கைக் கால் வெச்சவங்க ஷூவ கழட்டணுமா?"

"யாருக்குங்க? உங்களுக்கா?"

"இல்லம்மா, தெரிஞ்சவர் ஒருத்தர் வராரு. பட்டாளத்துக்காரர்."

"கால கழட்டி வைக்கச் சொல்லி யாரையும் நான் சொன்னதில்ல."

"கால இல்லம்மா, கால் போட்டிருக்கற ஷூவ. அது இல்லாட்டி நிக்க முடியாது."

அவர் கோப்பதை நிறுத்தினார். "அப்ப அதுவும் காலுதானே. தெருவுல மிதிச்சதோட ஏறக் கூடாது, அவ்வளவுதான். புதுசா ஒண்ணு வாங்கிக் கையில கொண்டாரச் சொல்லுங்க. இங்க உக்காந்து மாட்டிக்கிட்டு ஏறட்டும். யாராவது கேட்டா நான் சொல்லிக்கறேன்."

"ஷூ ஜோடியாத்தானே விப்பாங்க. இன்னொண்ணு?"

"அத என்கிட்ட விடட்டும். டோக்கன் தரேன்" என்றார். பிறகு என் கையைப் பார்த்து, "டேப்பு எதுக்கு? அவருக்குச் சட்டை தைக்கறீங்களா?" என்று கேட்டார்.

முதல் வரிசைப் படிகள் பாறைக்குள்ளேயே போகின்றன. குளிர்ச்சியாக இருந்தது. நான் ஒவ்வொரு படியாகக் குனிந்து உயரம் அளந்து, கைப்பேசியில் குறித்துக்கொண்டு போனேன். ஒரு படி மாதிரி இன்னொரு படி இல்லை. நடுவில் தேய்ந்தவை, ஓரத்தில் சரிந்தவை, திடீரென்று ஒன்று மட்டும் உயர்ந்து நிற்பது. மொத்தம் எத்தனை படி என்று அவர் கேட்காதது நல்லதாயிற்று. திருச்சியில் அதற்கு ஆளுக்கொரு கணக்கு இருக்கிறது, ஒவ்வொருவரும் தன்னுடையதற்காகச் சண்டை போடுவார்கள்.

"என்ன சார், படிய இடிக்கப் போறாங்களா?" என்றார் மேலேயிருந்து இறங்கி வந்த ஒருவர். நெற்றி நிறைய விபூதி.

"இல்லீங்க, சும்மா அளக்கறேன்."

"சும்மா யாராவது அளப்பாங்களா? கான்ட்ராக்ட் எடுத்திருக்கீங்க. எடுத்ததுதான் எடுத்தீங்க, கிரானைட் மட்டும் போட்டுடாதீங்க சார். வழுக்கும்." சொல்லிவிட்டு வேகமாக இறங்கிப் போனார். அவர் சொன்னதையும் குறித்துக்கொண்டேன்: ஈரத்தில் வழுக்கும். காலை அலம்பிவிடும் நேரம் தவிர்க்கவும்.

தாயுமானவர் சந்நிதி அருகில் உட்கார்ந்துவிட்டேன். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. முழங்கால் இரண்டும் தங்களைப் பற்றி ஒரே நேரத்தில் பேசின. அதையெல்லாம் பொருட்படுத்துகிற மனநிலையில் நான் இல்லை, ஏனென்றால் அப்போதுதான் ஒன்று உறைத்தது. கைப்பிடி எந்தப் பக்கம் என்று கேட்டிருந்தார். பார்த்துக்கொண்டே வந்தேன். சில இடத்தில் இரு பக்கமும் பிடிக்க இருக்கிறது. சில இடத்தில் இடது பக்கம்தான். திரும்பும் இடத்தில் வலதுக்கு மாறுகிறது. ஓர் இடத்தில் சுவர்தான் கைப்பிடி. இதில் எது அவருக்குச் சௌகரியம், எங்கே ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று சொல்ல வேண்டுமானால் எனக்கு ஒரு விவரம் தெரிய வேண்டும்.

எந்தக் கால்?

அவர் எழுதவில்லை. நானும் இத்தனை நாள் அதைத் தவிர எல்லாவற்றையும் யோசித்திருக்கிறேன். கால் என்ற சொல்லைக் கட்டுரையிலிருந்து விரட்டினேன், ஜன்னலுக்குத் திரை போட்டேன், பார்சலைத் தொலைக்கச் சொல்லி வேண்டினேன். அவருக்கு எந்தப் பக்கத்துக் கால் இல்லை என்று ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை. என் மனத்தில் இருந்த ஜவானுக்கு இரண்டு கால்களும் மங்கலாகத்தான் இருந்தன.

கைப்பேசியில் என் மனைவியைக் கூப்பிட்டேன். வங்கி திறக்கும் நேரம். பின்னால் நாற்காலிகள் இழுபடும் சத்தம்.

"எந்தக் கால்னு எப்படிக் கேக்கறது? நேரா கேட்டா…"

"அவரு உங்ககிட்ட நேராத்தானே கேட்டிருக்காரு, படி எவ்வளவு ஒயரம்னு."

"நீயாயிருந்தா எப்படி எழுதுவ?"

"'எந்தக் கால்?'னு எழுதுவேன்" என்றாள். "நீங்க மேல வரைக்கும் போனீங்களா?"

"பாதி."

"வெக்கிறேன். மீதியையும் ஏறுங்க."

ஏறினேன். கடைசிப் பகுதி திறந்த வெளி. காற்று வேட்டியைப் பிடித்து இழுத்தது. அங்கே கம்பி இருந்தது, பிடித்துக்கொண்டு நின்றேன். காவிரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கம் தென்னைகளுக்குள் அமுங்கிக் கிடந்தது. கோபுரத்தை வைத்துக் கணக்குப் போட்டு என் சமையலறை ஜன்னலைத் தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை. உச்சிப் பிள்ளையாரைப் பார்க்காமல் இறங்கிவிட்டேன் என்பது பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது. அளவுகள் மறந்துவிடுமே என்ற பதற்றம்.

அன்று மத்தியானமே எழுதினேன். இந்தத் தடவை அடித்தல் இல்லை. முதல் வரி: 'எந்தக் கால் என்று எழுதவும். அதைப் பொறுத்துத்தான் எந்தக் கைப்பிடி என்று சொல்ல முடியும்.' அடுத்து படி உயரங்கள், வழுக்கும் இடங்கள், புது ஷூ ஏற்பாடு, டோக்கன் தருவதாகச் சொன்ன அம்மா. இல்லாத கால் வலிப்பதைச் சாக்காக நான் ஒப்புக்கொள்கிறேன், அதற்காக வழியில் எத்தனை தடவை வேண்டுமானாலும் உட்காரலாம், இடங்களைப் பார்த்து வைத்திருக்கிறேன் என்றும் எழுதினேன். அடிக்கடி ஏறுகிறவன் இல்லை என்பதையும் சொன்னேன். 'ஆனால் ஆடிக்குள் ஆகிவிடுவேன்' என்று சேர்த்தேன். 'ஆமாம்' போடவில்லை.

சுபேதாரிடம் உறையைக் கொடுத்தேன். அவர் வழக்கம்போலப் படிக்காமல் வாங்கிக்கொண்டார்.

"இந்த தடவ திருப்பி வாங்க ஓட மாட்டீங்களே சார்?"

"ஓட முடியாது. முட்டி வலிக்குது."

"சாக்கு" என்றார் சுபேதார்.

கடிதம் இப்போது எங்கேயோ பைக்குள் போய்க்கொண்டிருக்கிறது. இன்னும் பதில் வரவில்லை. காத்திருப்பது எனக்கு இன்றும் வருவதாயில்லை. வீட்டில் இருந்தால் கூடத்துக்கும் பால்கனிக்கும் நடக்கிறேன் என்பதால், விடிந்ததும் முதல் டவுன் பஸ் பிடித்துச் சத்திரத்தில் இறங்கிவிடுகிறேன். செருப்பு அம்மா என்னைக் கண்டாலே டோக்கனை எடுத்து நீட்டிவிடுகிறார், "தையக்காரரே, வந்தாச்சா?" என்கிறார். எந்தக் கால் என்று தெரியாததால் இரண்டுக்கும் பழகி வைக்கிறேன். இன்று காலை இடது கையால் மட்டும் பிடித்து ஏறினேன். சுவர் வரும் இடத்தில் தடுமாறுகிறது. அவர் வரும்போது அங்கே நான் ஒரு படி கீழே நிற்க வேண்டும். நாளைக்கு வலது.